வடசென்னையில் பறவைப் படம்: புதிதாகக் கேமரா தூக்குபவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு பறவைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், "அப்போ வேடந்தாங்கலுக்குப் போவீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். போயிருக்கிறேன், நல்ல இடம்தான். ஆனால் போய்வர ஒரு நாள் போய்விடும். இங்கேயோ காலையில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் எண்ணூர். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றின் மேல் போகும். ஜன்னலோரம் இருந்தால் பெட்டிக்குள் இருந்தபடியே கூழைக்கடாவை (பெலிக்கன்) பார்க்கலாம். அத்திப்பட்டு புதுநகர்ப் பக்கம் உப்பளங்களில் பவளக்கால் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருக்கும். பெட்டியில் இருக்கும் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் தூங்குவார்கள்.

புதிதாகத் தொடங்குகிற ஒருவர் கூடவே வந்தால் நான் என்ன சொல்லிக்கொடுப்பேனோ, அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதில் முக்கால்வாசி நான் தப்பாகச் செய்துவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டது.

முதல் மாதம்: ஒரு ஏரி, ஒரு மடையான்

பூநாரையில் ஆரம்பிக்காதீர்கள். மடையான் என்ற கொக்கில் ஆரம்பியுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகில் எந்த ஏரி இருக்கிறதோ அது போதும். இரட்டேரி, மாதவரம் ஏரி, கொரட்டூர் ஏரி எல்லாமே சரிதான். கால்வாய் ஓரம்கூடப் பரவாயில்லை. மடையான் இல்லாத நீர்நிலை சென்னையில் கிடையாது.

உட்கார்ந்திருக்கும்போது அது சேற்றின் நிறத்தில் இருக்கும். பக்கத்தில் போகும்வரை தெரியவே தெரியாது. பறந்ததும் சிறகு முழுக்க வெள்ளை. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள், ஆளைக் கிட்டே வரவிடும் என்பதால். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஒரு மடையானை அரை மணி நேரம் பாருங்கள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, குளிரில் சால்வை போர்த்திய பெரியவர் மாதிரி நிற்கும். தண்ணீரில் ஏதோ அசைந்தால் உடம்பு மெல்ல முன்னால் சாயும். கழுத்து அங்குலம் அங்குலமாக நீளும். அலகு தண்ணீருக்கு இணையாக வந்ததும் எல்லாம் ஒரு கணம் உறைந்துபோகும். அப்புறம் குத்து. கழுத்து நீளத் தொடங்கியதிலிருந்து குத்துவதற்குள் பெரும்பாலும் மூன்று நான்கு நொடி கிடைக்கும். அந்த நேரத்துக்குள் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். குத்திய பிறகு அழுத்தினால் தெறித்த தண்ணீரும் ஒரு வாலும்தான் படத்தில் இருக்கும்.

இன்னொன்றும் பழகிக்கொள்ளுங்கள். கொக்கு, நாரை, பருந்து எல்லாம் கிளம்புவதற்கு முன் பெரும்பாலும் எச்சமிடும். சிரிக்காதீர்கள், பறக்கும் படம் எடுப்பவர்களுக்கு அதைவிட நம்பகமான சைகை இல்லை. எச்சம் விழுந்ததும் கேமராவைக் கண்ணில் வையுங்கள்.

என் முதல் நாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரட்டேரிக் கரையில் மூன்று மணி நேரம் கொக்குகளைத் துரத்திக்கொண்டு நடந்தேன். நானூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி கொக்கின் பின்புறம். நாம் நடந்தால் பறவை நமக்கு முதுகைக் காட்டித்தான் பறக்கும். நாம் உட்கார்ந்திருந்தால் அதுவாகவே முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். இது தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

கேமரா பற்றி, சுருக்கமாக

கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். 70-300 அல்லது 55-250 மி.மீ. லென்ஸ் போட்ட பழைய டிஎஸ்எல்ஆர் முதல் ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் போதும். லென்ஸைக் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவும் நல்ல வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். போன் மட்டும்தான் இருக்கிறதா? ஒரு பைனாகுலர் வாங்கி அதன் கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பழகுங்கள். பறவையை அடையாளம் காண அது போதும். பெரிய லென்ஸ் வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள். 150-600 மி.மீ. லென்ஸ் இரண்டு கிலோ வரும். கேமராவும் சேர்ந்து எண்ணூர் வெயிலில் இரண்டு மணி நேரம் தோளில் தொங்கினால் ஆசை கொஞ்சம் குறையும்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். சாதாரண டிஎஸ்எல்ஆரில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால், 20 மீட்டர் தூரத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். சின்னக் கொக்கு இரண்டடி உயரம், அதற்கு அது நல்ல அளவு. கைக்குள் அடங்கும் கொசு உள்ளானை அதே தூரத்தில் எடுத்தால் படத்தில் ஒரு புள்ளிதான் இருக்கும். அதனால் எந்தப் பறவைக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பதை லென்ஸ் தீர்மானிக்கட்டும். கிட்டே வராத பறவையை விட்டுவிட்டு, வருகிற பறவையை எடுங்கள்.

ட்ரைபாட் வாங்க வேண்டாம். நம் ஊர்ச் சேற்றில் அதன் மூன்று காலும் மூன்று ஆழத்துக்கு இறங்கும். ஒரு மஞ்சப்பையில் ஒன்றரைக் கிலோ பழைய அரிசியைப் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். கரைக்கல்லிலோ படகு விளிம்பிலோ அதை வைத்து மேலே லென்ஸைச் சாய்த்தால் அசையாது. என் பை மூன்று வருடமாக உழைக்கிறது. இரண்டு தடவை எலி கடித்தது, தைத்துக்கொண்டேன்.

கேமராவில் எதை எங்கே வைப்பது

ஆட்டோ மோடை விட்டு வெளியே வாருங்கள். மேனுவலில் ஷட்டர் வேகமும் லென்ஸின் துளையும் (அப்பர்ச்சர்) உங்கள் கையில், ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ மட்டும் தானியங்கி. எனக்கு எளிதாக வருவது இந்த வழிதான். துளை லென்ஸில் கிடைக்கும் பெரிய அளவு, பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் 1/800 நொடி, நடமாடினால் 1/1250, பறந்தால் 1/2000. ஆலா, மீன்கொத்தி மாதிரி வெடுக்கென்று பாய்பவைக்கு 1/3200. ஐஎஸ்ஓவுக்கு 3200 என்று ஒரு மேல்வரம்பு போட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன படத்தை மட்டும் யாராலும் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். நிகானிலும் சோனியிலும் அது ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளி, அதுவும் கண்ணின் மேல். கண் கூர்மையாக இருந்தால் வால் கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும். பறக்கும் பறவைக்கு நடுவில் உள்ள புள்ளிக் கூட்டம்.

புதியவர்கள் எல்லோரும் தவறாமல் விழும் குழி வெள்ளைக் கொக்கு. கறுத்த சேற்றின் நடுவே வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா சேற்றைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போய், இறகின் வரி ஒன்றும் இருக்காது. அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு படி, சில நேரம் அதற்கும் மேல் குறையுங்கள். வெள்ளை வானத்தில் கரும்பருந்து பறந்தால் நேர் எதிர். ஒரு படி கூட்டவில்லையென்றால் காகித வெட்டு மாதிரி கறுப்பு நிழல்தான் வரும். வெளுத்த இடங்கள் திரையில் கண் சிமிட்டும் எச்சரிக்கை உங்கள் கேமராவில் இருந்தால் இன்றே போட்டுவையுங்கள்.

பூங்கா

பூங்காவில் சேறு இல்லை, லாரி இல்லை, கழிப்பறை இருக்கிறது. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கும் தோட்டக்கலைத் துறைப் பூங்கா மாதிரி மரமும் குளமும் சேர்ந்த இடமாக இருந்தால் நல்லது. பெரிய கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் பூங்காக்கள் உண்டு. வாசலிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளே போன பிறகு வாக்குவாதம் வேண்டாம்.

பூங்காவில் தேட வேண்டியது பறவையைவிட அது வரும் மரத்தைத்தான். ஆலும் அரசும் பழுத்தால் செம்மார்புக் குக்குறுவானும் மாங்குயிலும் அங்கேதான் இருக்கும். குக்குறுவானின் குரல் பித்தளைப் பாத்திரத்தில் தட்டுகிற மாதிரி நிறுத்தாமல் கேட்கும், ஆள் மட்டும் அகப்படாது. பழ மரத்தடியில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தானாக இறங்கும். பட்டுப்போன மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கும். பகலிலேயே வெளியே வந்து நம்மை முறைத்துப் பார்க்கும். அதன் மேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் பூங்காவுக்குப் போனால் கீழேயும் பாருங்கள். ஆறுமணிக் குருவி அப்போதுதான் வடக்கிலிருந்து வந்து இறங்கும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு. இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு சருகைக் கிளறிக்கொண்டு நிழலுக்குள்ளேயே இருக்கும். வந்த களைப்பில் சில நேரம் வீட்டு மாடியிலும் பால்கனியிலும்கூட விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் படம் பிறகு எடுக்கலாம். முதலில் காக்கையையும் பூனையையும் விரட்டுங்கள்.

காசிமேடு: பறக்கும் படத்துக்குப் பயிற்சிக்கூடம்

பறக்கும் பறவையை லென்ஸுக்குள் பிடிப்பதுதான் கஷ்டம், அது பழக்கத்தால் மட்டும் வரும். பழக காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. படகிலிருந்து கழித்துப் போடும் மீனுக்குக் கரும்பருந்து, செம்பருந்து, காக்கை மூன்றும் போட்டி போடும். குளிர்காலத்தில் கடற்காகமும் சேர்ந்துகொள்ளும். ஒன்றை விட்டால் அடுத்த நிமிடம் இன்னொன்று வரும். ஒரு மணி நேரத்தில் இருநூறு தடவை பழகலாம்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேமராவில், ஒன்று வெளியே. பறவை தூரத்தில் இருக்கும்போதே லென்ஸுக்குள் எடுத்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டே பின்தொடருங்கள். கையை மட்டும் ஆட்டினால் விட்டுவிடும். ஏலம் நடக்கிற நேரத்தில் குறுக்கே நின்று கேமரா தூக்காதீர்கள். அது அவர்களுக்குப் பிழைப்பு நேரம். ஆள் முகம் படத்தில் வருகிறது என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏலம் ஓய்ந்த பிறகு போனால் இடமும் கிடைக்கும், பேச்சும் கிடைக்கும்.

எண்ணூர்: தண்ணீர், காற்று, வெளிச்சம்

இனி முக்கியமான இடம். நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் காலம். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சிறப்பு. இங்கே மூன்று விஷயம் சேர வேண்டும்.

முதலில் தண்ணீர். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் கழிமுகத்தின் மேடுகள் அவ்வளவு தட்டை. ஓர் அடி தண்ணீர் வற்றினாலே ஒரு மைதானம் வெளியே வரும். அந்தச் சேற்றில் புழுவும் நண்டும் தேடித்தான் உள்ளான்கள் இறங்குகின்றன.

இதைச் சொல்லிக்கொடுத்தது நெட்டுக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நான் நிரம்பிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நின்றேன். "இன்னா தம்பி, யாரைத் தேடுற?" என்றார். சொன்னேன். "இப்ப ஏத்தம்பா. தண்ணி வத்துனாத்தான் எறங்கும். நீ போய் டீ குடிச்சிட்டு பதினோரு மணிக்கு மேல வா." பதினோரு மணிக்கு வந்தேன். முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் சேறு, சேறு முழுக்க உள்ளான். வெயில் உச்சியில் இருந்ததால் படம் ஒன்றும் தேறவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் காலை ஆறு மணியையொட்டி வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடல் ஏற்ற நேரம் காட்டும் செயலிகள் போனில் இலவசமாகவே கிடைக்கும். அதில் இருப்பது கடற்கரை நேரம், கழிமுகத்தின் உள்ளே போகப் போகத் தாமதமாகும். வற்றத்தில் போய்ச் சேற்றின் மேட்டோரம் உட்கார்ந்துவிட்டால், ஏறும் தண்ணீர் பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நூறு மீட்டரில் மேய்ந்தவை ஒரு மணி நேரத்தில் பதினைந்து மீட்டருக்கு வந்து நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பது மட்டும்தான்.

அடுத்தது வெளிச்சம். கடல் கிழக்கே, கழி அதற்கு மேற்கே. காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும், வெளிச்சம் பறவை மேல் நேராக விழும், அதன் கண்ணில் ஒரு மினுக்கு கிடைக்கும். மாலையில் இதை மாற்றி, மேற்குப் பக்கமாகப் போய்க் கிழக்கே பாருங்கள். காலையில் சூரியன் எழுந்து ஒன்றரை மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். ஒன்பது, ஒன்பதரை ஆனால் சேற்றிலிருந்து கானல் எழும்பும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, படம் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மாதிரி குழையும். பலர் அதற்கு லென்ஸைத் திட்டிக்கொண்டு சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்தேன்.

மூன்றாவது காற்று. பறவை கிளம்பும்போதும் இறங்கும்போதும் காற்றுக்கு எதிராகத்தான் முகம் வைக்கும். டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காற்றும் சூரியனும் இரண்டுமே உங்கள் முதுகுப் பக்கம். இறங்கும் கூழைக்கடா கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, சிறகை விரித்து, வெளிச்சம் முகத்தில் அடிக்க, உங்களைப் பார்த்தே வரும். கோடையில் இதே இடத்தில் இதே காலையில் காற்று வேறு பக்கத்திலிருந்து வரும், எல்லாம் முதுகைக் காட்டும். அதனால்தான் எண்ணூருக்கு நான் ஜனவரியையே சொல்கிறேன்.

உயரமும் முக்கியம். நின்று எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு. மண்டியிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக் குப்புறப் படுத்து, அரிசிப் பையின் மேல் லென்ஸை வைத்தால் பறவையின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும். பின்னணி தூரம் போய் மங்கிவிடும். சட்டை நாறும், படம் நன்றாக வரும்.

சேறு, லாரி, செக்யூரிட்டி

கழிமுகத்தின் சில இடங்களில் சேற்றோடு அனல் மின் நிலையச் சாம்பல் கலந்து கிடக்கிறது. மேலே காய்ந்து வெடித்து சிமென்ட் தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை போகும். ஒரு ஜோடி செருப்பை அங்கேதான் விட்டேன், இன்னும் உள்ளேதான் இருக்கும். ஊர்க்காரர்கள் நடக்கும் தடத்தில் மட்டும் நடங்கள். வெறுங்காலும் வேண்டாம், சிப்பி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும். கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூதான் சரி. தனியாகப் போகாதீர்கள், போனால் கழிக்குள் இறங்காதீர்கள்.

உப்பளத்தில் புது வரப்பில் ஏறாதீர்கள். ஒரு மிதி மிதித்தால் அந்தப் பாத்தித் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு ஓடும், ஒருவருடைய இரண்டு நாள் வேலை போகும். அங்கே வேலை செய்பவரிடம் கேட்டால் எந்த வரப்பில் போகலாம், எந்தப் பாத்தியில் பறவை அதிகம் என்று அவரே சொல்லுவார்.

பைக்கில் போகிறவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளிடமிருந்து தள்ளியே இருங்கள். வரிசையாக நிற்கும் டிரெய்லர்களின் இடையே புகுந்து போகிற வேலை வேண்டவே வேண்டாம். இருட்டோடு கிளம்பும் நாட்களில் நான் ரயிலில்தான் போவது, இறங்கி ஷேர் ஆட்டோ.

துறைமுகமும் மின் நிலையமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இடம் இது. பெரிய லென்ஸைப் பார்த்தால் காவலாளிகள் வந்து கேட்பார்கள், கேட்பது அவர்கள் வேலை. ஒரு மதிலுக்கு அருகே செம்பருந்தை எடுத்ததற்காக என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். முப்பதாவது பருந்துப் படத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், எடுத்த படத்தைக் காட்டுங்கள், போகச் சொன்னால் போய்விடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். இந்தப் பகுதியில் அதை மேலே ஏற்றினால் வம்பு நிச்சயம், பறவைகளும் ஊரை விட்டே கிளம்பிவிடும்.

எவ்வளவு கிட்டே போகலாம்

மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். திரும்ப மேயத் தொடங்கும்வரை அசையாதீர்கள். இரண்டாவது முறையும் தூக்கினால் போதும், பின்வாங்குங்கள். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிகிறவர்களையும் கைதட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் பறவை அது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது சேர்த்ததில் கொஞ்சத்தைக் கரைக்கிறோம். போனில் குரலைப் போட்டுக் காட்டிப் பறவையை வரவழைப்பதும் அதே வகைதான்.

மார்ச்சுக்கு மேல் தரையைப் பார்த்து நடங்கள். ஆள்காட்டி கூடே கட்டாது, வெறும் தரையில் கூழாங்கல் மாதிரி முட்டையிடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் நீங்கள் முட்டைக்கோ குஞ்சுக்கோ அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பேரே ஆள்காட்டி. வந்த வழியே, வைத்த அடியிலேயே அடி வைத்துத் திரும்புங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வருகிறது. கூட்டுப் படத்தை இடத்தோடு இணையத்தில் போடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது, கூழைக்கடாக்கள் மார்பெல்லாம் கறுத்து நின்றன. அப்படி எண்ணெய் படிந்த பறவையையோ அடிபட்டதையோ கண்டால் பிடிக்க ஓடாதீர்கள். பயந்து தண்ணீரில் இறங்கினால் இன்னும் மோசம். தூரத்திலிருந்தே தெளிவாக இரண்டு படம், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புகைபோக்கியை என்ன செய்வது

எண்ணூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைபோக்கி, மின்கோபுரம், கிரேன். முதல் வருடம் முழுக்க இதை மறைப்பதற்கே பாடுபட்டேன். கணினியில் அழித்தும் பார்த்தேன். அழித்த படத்தைப் பார்த்த நண்பன் "இது எங்கடா, கோடியக்கரையா?" என்றான். அன்றோடு அழிப்பதை விட்டேன்.

இப்போது நான் செய்வது வேறு. ஜூமைக் குறைத்து, 100 மி.மீ. அளவில், எஃப் 11-இல் வைத்து எடுக்கிறேன். முன்னால் வரிசையாகப் பவளக்கால் உள்ளான்கள், பின்னால் மங்காமல் நிற்கும் மூன்று புகைபோக்கிகள், தண்ணீரில் பறவை, புகைபோக்கி இரண்டின் நிழலும். முகம் நிறைந்த கொக்குப் படம் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். இந்தப் படம் இங்கே உட்கார்ந்தவர்களிடம் மட்டும்தான் இருக்கும். தனிப் பறவை மட்டும் வேண்டுமென்றால் கீழே படுத்து, அலையாத்திப் புதர் பின்னால் வருகிற மாதிரி இரண்டடி நகருங்கள், போதும்.

பழவேற்காடு

பூநாரை வேண்டும் என்றால் பழவேற்காடுதான். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். ஆனால் அதை முதல் வருடக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரி பெரிது, பறவை தூரம், 300 மி.மீ. லென்ஸில் பூநாரைக் கூட்டம் அடிவானத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் இருக்கும். கிட்டே போகலாம் என்று ஏதோ ஒரு படகில் ஏறிவிடாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து எடுக்க முடிந்தது போதும்.

பெயர் தெரியாத பறவைகளுக்கு ஈபேர்ட், மெர்லின் இரண்டு செயலியும் உதவும். மெர்லின் படத்தைப் பார்த்துச் சொல்லும், உள்ளான்களில் அதுவும் தடுமாறும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு நாள் கலந்துகொள்ளுங்கள். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டிக்காரர்களோடு ஒரு காலை நடந்தாலும் சரி. மூன்று மாதம் புத்தகத்தைப் புரட்டியும் பிடிபடாத மணல் உள்ளான் வகைகளை, கூட நிற்பவர் கால் நிறத்தைக் காட்டி இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும்

தூக்கம் வரும். தூங்காதீர்கள். உப்புக்காற்று கேமராவின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக ஒட்டியிருக்கும். துணியை நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்து உடலையும் லென்ஸ் குழலையும் துடையுங்கள். கண்ணாடியை முதலில் ஊதுகுழாயால் ஊதி மணலை எடுத்த பிறகே மென்துணியால் தொடலாம். சட்டை நுனியால் துடைத்துக் கீறிய லென்ஸ் ஒன்று என்னிடம் நினைவாக இருக்கிறது.

அப்புறம் பூஞ்சை. கேமராவைப் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஒன்று படரும். என் முதல் ஜூம் அப்படித்தான் போனது. சுத்தம் செய்யக் கேட்ட காசுக்குப் பழையதாக இன்னொன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். நீல மணிகள் வெளிறிய சிவப்பானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்ப நீலமாக்கிக்கொள்ளலாம். சமையல் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை அன்றே பாருங்கள். கண் கூர்மையாக இல்லாதது எல்லாவற்றையும் தயங்காமல் அழியுங்கள். மீதியைத் தேதி, இடம், ஏற்றமா வற்றமா, காற்று எந்தப் பக்கம் என்று குறிப்போடு சேமியுங்கள். அடுத்த ஜனவரியில் அந்தக் குறிப்பு லென்ஸைவிட உதவும்.

ஷூவை மட்டும் குளியலறையில் கழுவாதீர்கள். அந்தச் சாம்பல் சேறு குழாய்க்குள் போய் இறுகிவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை இறுகி, பிளம்பர் வந்து, சாக்கடை மூடியைத் திறந்து, "எங்க சார் வேலை செய்றீங்க, சிமென்ட் ஃபேக்டரியா?" என்று கேட்டார். வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த பிறகு அடியில் இருப்பதைத் தனியாக வழித்து எடுத்துவிடுங்கள்.